எத்தனை மணி என்று எழுதினீர்கள்?

கேள்வி: ஐயா, நேரடி எஸ்.ஐ. தேர்வில் தேறி, ஊனமாஞ்சேரி காவலர் அகாடமியில் பயிற்சி முடித்துவிட்டு, இப்போது ஒரு ஸ்டேஷனில் செய்முறைப் பயிற்சியில் இருக்கிறேன். மூன்றாவது வாரத்தில், செல்போன் திருட்டு என்று 19 வயதுப் பையன் ஒருவனை கிரைம் டீம் கூட்டி வந்தது. இரண்டு ராத்திரி வைத்திருந்தார்கள். இரண்டாவது ராத்திரி இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "சும்மா நிக்காதப்பா, காலைப் பிடி" என்றார். பிடித்தேன். லத்தியால் அடித்தார்கள். மறுநாள், "காலை 6 மணியளவில் பேருந்து நிலையம் அருகே ரோந்து சென்றபோது சந்தேகத்துக்கிடமாக நின்றவரை" என்று எழுதி என்னிடமும் கையெழுத்து வாங்கினார்கள். பையன் இப்போது ரிமாண்டில் இருக்கிறான். எனக்குத் தூக்கம் இல்லை. கைதின்போது போலீஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொன்ன டி.கே. பாசு தீர்ப்பை ஒப்பித்து மார்க் வாங்கியவன் நான். படித்ததெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா? அடிக்காமல் ஸ்டேஷன் நடத்த முடியாது என்கிறார்களே, உண்மையா? இனி நான் என்ன செய்ய வேண்டும்? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் கடிதத்தை மேலே கொடுத்திருக்கிறேன். நீங்கள் கேட்ட வரிசையில் இல்லாமல், முதலில் அந்தப் பையனைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நீங்கள் தூங்காமல் ஒரு வாடகை அறையில் இருக்கிறீர்கள். அவன் தூங்காமல் சிறையில் இருக்கிறான்.

காலைப் பிடித்தது சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாக்குமூலத்துக்காகவோ பொருளை மீட்பதற்காகவோ ஒருவரை அடித்துக் காயப்படுத்தினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 120-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை தண்டனை உண்டு. கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை. லத்தி பிடித்தவரையும் கால் பிடித்தவரையும் பொது நோக்கம் என்ற ஒரே கயிற்றில் சட்டம் கட்டும். "இன்ஸ்பெக்டர் சொன்னார், செய்தேன்" என்பது நிற்காது. போலி என்கவுன்டர் வழக்கு ஒன்றில் 2011-இல் உச்ச நீதிமன்றம் இதை நேராகவே சொன்னது. மேலதிகாரியின் உத்தரவு சட்டவிரோதமானது என்றால் அதை மறுப்பதுதான் கீழுள்ளவரின் கடமை, உத்தரவு உத்தரவுதான் என்ற வாதத்தை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நூரம்பர்க் விசாரணையிலேயே நிராகரித்துவிட்டார்கள் என்றது.

அதனால் இந்த வாரமே ஒரு நல்ல கிரிமினல் வக்கீலைப் பாருங்கள். உங்கள் ஸ்டேஷன் வழக்குகளில் வந்து போகிறவராக இருக்கக்கூடாது. பக்கத்து மாவட்டத்துக்காரர் நல்லது. ஒன்று விடாமல் சொல்லுங்கள், நீங்கள் காலைப் பிடித்ததையும் சேர்த்து. வக்கீலிடம் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. எனக்கு எழுதிய கடிதத்துக்கு அது கிடையாது. எங்கும் எதையும் எழுதிக் கொடுப்பதற்கு முன் இது நடக்க வேண்டும்.

அப்புறம், மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுப்பது. முன்பு 164-ஆவது பிரிவு என்போம், இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 183. கொடுப்பதா, எப்போது, எந்த வடிவத்தில் என்பதையெல்லாம் வக்கீல் சொல்வார். நீங்களே குற்றத்தில் பங்கெடுத்திருப்பதால் அவசரப்படக் கூடாது. ஆனால் என் எண்ணத்தைக் கேட்டால், கொடுக்க வேண்டும். அந்தப் பையனுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். ஸ்டேஷன் கேமரா பதிவைப் பாதுகாக்கச் சொல்லி அவர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி பதிவுகள் 18 மாதம் இருக்க வேண்டும், எப்படிப் பார்த்தாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. சிறைக்குள் அனுமதிக்கும்போது டாக்டர் உடம்பைப் பார்த்து எழுதிய குறிப்பும் இருக்கும். எந்தக் காரணத்துக்கும் நீங்கள் கேமரா பதிவு சேரும் அந்த டி.வி.ஆர். பெட்டிப் பக்கம் போகாதீர்கள், நல்ல எண்ணத்தோடுகூட.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். 1980-களில் எஸ்.ஐ.யாக என் முதல் ஸ்டேஷன். வயல் கிணற்று மோட்டார்கள் வரிசையாகத் திருடுபோய்க்கொண்டிருந்தன. நாற்பது வயது விவசாயக் கூலி ஒருவரைக் கூட்டி வந்தார்கள். நான் தொடவில்லை. வாசலில் நின்றேன். ராத்திரி முழுக்க நின்றேன். விடியும்போது ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர், அன்றாட நடப்பைப் பதியும் ஜெனரல் டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு, "சார், எத்தனை மணி போட?" என்று கேட்டார். "அஞ்சரை போடுங்க" என்றேன். முந்தின நாள் மதியம் மூன்று மணிக்கு வந்தவர் அவர். என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லில் பதினான்கரை மணி நேரம் காணாமல் போனது. நாலு மாதம் கழித்து உண்மையான திருடர்கள் வேறு ஊரில் மோட்டாரோடு மாட்டினார்கள். அதற்கப்புறம் ஒரு நாள் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கி விட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் இன்று உயிரோடு இல்லை.

நீங்கள் அடியைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். அந்த "6 மணி"யைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகத் தெரிகிறது. கைது செய்தவரை, வழியில் ஆகும் பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு சொல்கிறது. நேரத்தை மாற்றி எழுதினால் அந்தக் கடிகாரமே ஓடாது. அந்த ஓடாத நேரத்தில்தான் எல்லா அடியும் விழுகிறது. டி.கே. பாசு தீர்ப்பின் 11 கட்டளைகளில் கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும், குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று அத்தனை கறாராகச் சொன்னது இதற்காகத்தான். அந்த வழக்கே ஒரு கடிதத்தில் தொடங்கியது உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே. பாசு, லாக்கப் மரணங்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சுட்டிக்காட்டி 1986-இல் தலைமை நீதிபதிக்கு எழுதினார். தீர்ப்பு வர 1996 டிசம்பர் ஆனது.

நம் ஊர் வக்கீல்களுக்கு இந்த நேர விஷயம் அப்போதே நன்றாகத் தெரியும். ஆளைக் கூட்டிப் போனார்கள் என்றதும் குடும்பத்தாரைத் தபால் ஆபீசுக்கு ஓட விட்டு எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் தந்தி அடிக்கச் சொல்வார்கள். தந்தியில் நேரம் இருக்கும். 2013 ஜூலையில் தந்தி நின்றது. இன்று 112-க்கு ஒரு போன், எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல், இரண்டும் அதே வேலையைச் செய்யும். இதைப் படிக்கிற பெற்றோர்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாத்தான்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூன் 19 ராத்திரி செல்போன் கடைக்காரர் ஜெயராஜும் மகன் பென்னிக்சும் ஸ்டேஷனில் இருந்தார்கள். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்ற விவகாரம். மறுநாள் அரசு மருத்துவமனையில் உடல் தகுதிச் சான்று கிடைத்தது. ரிமாண்ட் உத்தரவு கிடைத்தது. கோவில்பட்டி கிளைச் சிறை அவர்களைச் சேர்த்துக்கொண்டது. 22-ஆம் தேதி மகன் இறந்தார், 23-ஆம் தேதி தகப்பனார். எத்தனை மேஜை, எத்தனை பேனா என்று எண்ணிப் பாருங்கள். எந்த மேஜையிலாவது ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இவங்களுக்கு ஏன் ரத்தம் நிக்கல?" என்று கேட்டிருந்தால் இருவரும் இன்று கடையில் இருந்திருப்பார்கள்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லி விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், கேமரா பதிவைப் பார்க்கக் கேட்டார். ஹார்ட் டிஸ்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், ஒவ்வொரு நாள் பதிவும் தானாகவே அழியும்படி வைத்திருந்தார்கள். அந்த ராத்திரி அதில் இல்லை. ஆனால் அந்த ராத்திரி பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் இருந்தார். பார்த்ததை அவர் சொன்னார். சொல்லி முடித்தபோது கையெழுத்துப் போடப் பயந்தார். வெளியே சக போலீஸ்காரர்கள் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்பு உண்டு என்று திரும்பத் திரும்ப உறுதி சொன்ன பிறகு போட்டார். தடயங்கள் அழியாமல் இருக்க ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கையில் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. இன்ஸ்பெக்டர் உட்பட 10 பேர் கைதானார்கள், ஒருவர் கொரோனாவில் இறந்தார். கேமரா தராததை அந்தப் பெண்மணியின் ஒரு கையெழுத்து தந்தது. பயந்தபடியே போட்ட கையெழுத்துதான்.

சாத்தான்குளத்துக்குப் பிறகாவது திருந்தினோமா? 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரைக் காரில் இருந்த நகை காணவில்லை என்ற புகாரில் தனிப்படை கூட்டிப் போனது. அப்போது எஃப்.ஐ.ஆர். கூடப் போட்டிருக்கவில்லை. அதாவது காகிதத்தில் அவர் எங்கும் இல்லை. பிரேதப் பரிசோதனையில் 40-க்கு மேல் காயங்கள்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். பணியின் பிற்பகுதியில் சில ஆண்டுகள் உங்களைப் போன்றவர்களுக்குச் சட்டம் எடுத்தேன். 11 கட்டளைகளையும் கேட்டால் முழுசாக ஒப்பிப்பார்கள். ஒரு நாள் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "இன்ஸ்பெக்டர் அடிக்கச் சொல்கிறார். நீங்கள் அவரிடம் என்ன சொல்வீர்கள்? எழுந்து நின்று, அவரிடம் பேசுவது போலவே சொல்லுங்கள்" என்றேன். அறுபது பேர் இருந்த வகுப்பு. ஒருவர் "மாட்டேன் சார்" என்றார். சிரிப்பு. அடுத்தவர் "யோசிப்பேன்" என்றார். அப்புறம் யாரும் எழுந்திருக்கவில்லை. கவாத்தில் "வலதுபுறம் திரும்பு" என்றால் தூக்கத்திலும் திரும்புவார்கள், ஏனென்றால் ஆயிரம் தடவை திரும்பியிருக்கிறார்கள். மேலதிகாரியிடம் மறுத்துப் பேசும் ஒரு வாக்கியத்தை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை. நம் பயிற்சியின் பெரிய ஓட்டை அதுதான் என்று அன்று எனக்குப் புரிந்தது. நீங்கள் படித்தது பொய் இல்லை தம்பி. அதைப் பேசிப் பார்க்க உங்களுக்கு இடமே கொடுக்கவில்லை. அந்தப் பழி எங்களுடையது.

இன்னொன்று. பயிற்சி என்றாலே புதிதாக வருகிறவர்களைத்தான் உட்கார வைக்கிறோம். ஓராண்டில் அகாடமி கற்றுக் கொடுத்ததை முதல் பதினைந்து நாளில் ஸ்டேஷன் மாற்றிவிடுகிறது என்றால், பாடம் தேவைப்படுவது அந்த இன்ஸ்பெக்டருக்கு, அந்த டி.எஸ்.பி.க்கு. மாதாந்திரக் குற்றக் கூட்டத்தில் "ரெக்கவரி எவ்வளவு?", அதாவது திருட்டுப் பொருள் எவ்வளவு மீட்டீர்கள் என்று மட்டும் கேட்கிற அதிகாரி, அடி என்று வாயால் சொல்லாமலே சொல்லிவிடுகிறார்.

இந்த ரெக்கவரிதான் வேர். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அந்த ஆள் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்த அளவுக்கு அவன் சொன்னது செல்லும். 1872 சாட்சியச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு இது. புதிய சாட்சியச் சட்டத்தில் 23-க்குள் உட்கார்ந்திருக்கிறது. நகை எங்கே, போன் எங்கே என்று அடிப்பதற்கு இந்த ஒரு சந்துதான் வழி. அடி தாங்காதவன் எடுக்காத பொருளையும் எடுத்தேன் என்பான். தாயின் தாலியை விற்றாவது குடும்பம் ஒரு "திருட்டு நகை"யைக் கொண்டு வந்து கொடுக்கும். கேஸ் முடிந்தது என்று எழுதுவோம். திருடன் வெளியே இருப்பான்.

அடிக்காமல் முடியாதா என்று கேட்டீர்கள். உங்கள் வழக்கு செல்போன் திருட்டு. போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யை, தொலைந்த போன்களுக்கான சி.இ.ஐ.ஆர். இணையதளத்தில் ஏற்றிவிட்டால், அந்த போனில் யார் புது சிம் போட்டாலும் தகவல் ஸ்டேஷனுக்கு வரும். 2023-இலிருந்து நாடு முழுக்க இருக்கிற வசதி. அந்த இரண்டு ராத்திரியில் அந்த எண்ணை யாராவது ஏற்றினார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஏற்றியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

விசாரணை என்பது கற்றுக்கொள்ள வேண்டிய தொழில். இங்கிலாந்து போலீஸ் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. குண்டுவெடிப்பு வழக்குகளில் 1975-இல் ஆயுள் தண்டனை பெற்ற கில்ட்ஃபோர்ட் நால்வர் 1989-இலும், பர்மிங்காம் அறுவர் 1991-இலும் நிரபராதிகள் என்று வெளியே வந்தார்கள். இரண்டு வழக்கிலும் முக்கிய ஆதாரமாகக் காட்டப்பட்டது போலீசிடம் கொடுத்த ஒப்புதல்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு, 1990-களின் தொடக்கத்தில் 'பீஸ்' என்ற விசாரணை முறையை எல்லாப் போலீசாருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆளைக் கூப்பிடும் முன்பே ஆதாரங்களைத் திரட்டித் திட்டமிடு, எதற்குக் கூப்பிட்டோம் என்று சொல், அவரை முழுசாகப் பேச விடு, குறுக்கே பேசாதே, பிறகு அவர் சொன்னதைக் கையில் இருக்கிற ஆதாரத்தோடு பொருத்திப் பார். ஒப்புக்கொள்ள வைப்பது அதில் குறிக்கோளே இல்லை. நம் ஊரிலும் இதைத் தானாகவே கற்றுக்கொண்ட நல்ல அதிகாரிகள் சிலரைப் பார்த்திருக்கிறேன். என்னோடு இருந்த ஒரு ஏட்டையா, ஆளை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லு, அவசரமே இல்ல" என்பார். அதே கதையை மறுநாள் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லச் சொல்வார். பொய்க் கதை பின்னாலிருந்து வரும்போது தடுமாறும். நான் பார்த்த வரையில் அவர் யார் மேலும் கை வைத்ததில்லை, கண்டுபிடித்த வழக்குகள் யாருக்கும் குறைந்ததும் இல்லை.

அடுத்த தடவை கூப்பிட்டால் என்ன சொல்வது? வீரவசனம் வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டேஷனில் அது யாருக்கும் உதவாது. தாழ்ந்த குரலில், இன்ஸ்பெக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, இவரை இன்னும் அரெஸ்ட் காட்டல. ஏதாவது ஆச்சுன்னா முதல்ல உங்க பேர்தான் வரும். இருபது நிமிஷம் கொடுங்க, கால் டீட்டெய்ல் பார்த்துட்டு வரேன்." இதைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகுங்கள், நிஜமாகவே சொல்கிறேன். நாக்குக்குப் பழகாத சொல் அந்த நேரத்தில் வராது. கேட்கவில்லை என்றால் அறையை விட்டு வெளியே வந்து, உங்கள் குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதுங்கள். அடிபட்டவருக்கு மூச்சு, ரத்தம், நெஞ்சுவலி என்று எது தெரிந்தாலும் யாரையும் கேட்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நேரம் மாற்றிய எந்தக் காகிதத்திலும் இனி உங்கள் கையெழுத்து விழக்கூடாது. "நான் அப்போ அங்க இல்லையே ஐயா, பார்த்தவங்க போடட்டும்" என்று சொன்னால் போதும். அது உண்மையும்கூட.

விலை இருக்கும். ஆயுதப்படைக்கு மாற்றல் வரலாம், உப்புச் சப்பில்லாத காரணத்துக்கு 3(பி) சார்ஜ் என்ற துறை ஒழுங்கு நடவடிக்கை வரலாம், மெஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காராமல் போகலாம். இந்த மூன்றில் இரண்டை நான் பிற்பாடு பார்த்தேன். வந்தால் வக்கீலோடு பதில் எழுதுங்கள், தனியாக எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவது, பத்திரிகைக்காரரிடம் பேசுவது இரண்டும் வேண்டாம். உங்கள் வாக்குமூலத்தையே அது பலவீனமாக்கும். மிரட்டல் வந்தால் 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனுப் போடலாம்.

புகார் அமைப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு யாரும் எழுதலாம், போலீஸ்காரரும் எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். போலீஸ் புகார் ஆணையத்தை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் அதை அமைக்கச் சொன்னது. நம் மாநிலம் 2013-இல் போட்ட சட்டம் உள்துறைச் செயலரைத் தலைவராக்கி, டி.ஜி.பி.யை உறுப்பினராக்கியது. மாவட்ட அளவில் கலெக்டரும் எஸ்.பி.யும். போலீஸ் மேல் வந்த புகாரைப் போலீசே உட்கார்ந்து கேட்டால் எந்தத் தாய் நம்பி வருவாள்? இதை மாற்ற வேண்டும் என்று பணியில் இருந்தபோதே எழுதிக் கொடுத்தவன் நான். இன்னும் எழுதுகிறேன்.

வேலையை விடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவே இருக்கிறது. விடாதீர்கள். வாக்குமூலம் கொடுத்த பிறகு சட்டம் என்ன முடிவு சொன்னாலும் அதை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருங்கள். அதற்கு முன்னால் நீங்களாகப் போய்விட்டால், அந்த ராத்திரியைப் பார்த்தவர்களில் தூக்கம் வராத ஒரே ஆளும் அந்த ஸ்டேஷனில் இல்லாமல் போய்விடுவார்.

கடிதத்தில் போன் எண் கொடுத்திருக்கிறீர்கள். நான் கூப்பிட மாட்டேன், உங்கள் போனில் என் எண் இப்போதைக்கு இருக்க வேண்டாம். வக்கீலைப் பார்த்துவிட்டு, அவர் சரி என்றால், அவர் அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். அந்தப் பையனின் அடுத்த ரிமாண்ட் நீட்டிப்பு எந்தத் தேதி என்று மட்டும் முன்னதாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே அவனுக்கு வக்கீல் கிடைத்தாக வேண்டும்.